பதிவேட்டில் ஏழு பேர்

வேதாளையில் கடலைப் பாகத்தில்தான் அளப்போம்.
எனக்குப் பன்னிரண்டு பாகம்.
வாயில் கம்ப்ரசர் குழாய், கையில் சங்கு.
வேகமாக மேலே வந்துவிட்டேன்.
இடுப்புக்குக் கீழே மட்டும்
இன்னும் வந்து சேரவில்லை.

ரத்தத்தில் குமிழ் என்றார்கள் மதுரையில்.
சோடா பாட்டிலைத் திறந்து காட்டி
விளக்கினார் ஒரு சின்ன டாக்டர்.
ஆறு வருஷமாக நான் சோடா குடிப்பதில்லை.

காப்பீட்டு அட்டை
தலையணை உறைக்குள் இருக்கிறது.
சிறுநீர்க் குழாய் அடைத்து
குளிர்காய்ச்சல் ஏறும் ராத்திரிகளில்
ஜொகரா முதலில் அதைத்தான் உருவி எடுப்பாள்,
பிறகுதான் ஆட்டோவுக்குப் போன்.

நண்டுக் கம்பெனியில்
கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றார்கள்.
சக்கர நாற்காலி ஏற
வாசலில் பலகை போட்டுத் தந்தார் முதலாளி.
நல்ல மனுஷன்.
சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன்.
மறுபடியும் பன்னிரண்டு.

இ-சேவை மையத்து நம்புவள்ளி
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"இந்த வருமானம் போட்டா
அட்டை தங்காது அண்ணே."
"எவ்வளவு கூட?"
"கொஞ்சம்தான்."

கொஞ்சம் என்பது
கால் உள்ளவர்கள் குனிந்துகூடப் பார்க்காமல்
தாண்டிப் போகிற வாய்க்கால்.

மச்சினன் வழி சொன்னான்:
பாதியை எழுது, மீதியைக் கையில் வாங்கு.
ஜொகரா, "வேலைக்குப் போகாட்டித்தான் என்ன" என்று
தொடங்கி, என் முகத்தைப் பார்த்து,
அரிசி களையப் போய்விட்டாள்.

முதல் மாதம் பாதிதான் எழுதினேன்.
சீனி உமர் என்று என் பேருக்கு எதிரே
என் கையாலேயே பாதி.
பாதி ஆள் என்று ஊரில் எவனோ சொன்னதற்கு
ரசீது கொடுத்த மாதிரி இருந்தது.

ஒரு சாயங்காலம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நம்புவள்ளி கேட்டாள்:
"உங்க கம்பெனிக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாதா?"
"எத்தனை பேர் இருந்தா வரும்?"
"பத்து."

பதிவேடு என் மடியில்தான் இருக்கிறது.
மேஸ்திரி, ஐஸ் உடைக்கிறவர், வேன் டிரைவர்,
இரண்டு லோடுமேன், ராக்காவலாளி.
ஏழாவது நான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நீல வலைத்தொப்பியில் இருபத்திரண்டு பெண்கள்
விடியற்காலை நாலு மணியிலிருந்து
நண்டோடு உடைத்துச் சதை எடுக்கிறார்கள்.
அவர்கள் என் கணக்கில் ஆள் இல்லை, கிலோ.
ரோஸ்மலர் ஆறு இருநூறு.
பாண்டியம்மா நாலு எண்ணூறு,
விரலிடுக்கில் உப்பும் ஓடும் தின்ற புண் போக.
அற்புதக்கனிக்கு இடது கண் தெரியாது.
யாரிடமும் சொன்னதில்லை;
இடப்பக்கம் வைத்த தட்டை
அவள் கையால் துழாவுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மூன்று பெயர் போதும்.
எந்த மூன்று?
தானாகப் புரள முடியாதவனை
இரண்டு மணிக்கொரு தடவை
ஜொகரா புரட்டிப் படுக்க வைத்தாள்.
கேள்வியும் கூடவே புரண்டது.

முதலாளியிடம் போய்
இருபத்திரண்டு என்றேன்.
"உனக்குப் பலகை போட்டவன்டா நான்."
"அதுல ஏறித்தான் முதலாளி வந்திருக்கேன்."
அவர் ஐஸ் மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
கச்சான் காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.
ஆடிட்டரைக் கேட்கணும் என்றார்.
இன்னும் கேட்கிறார்.

அதற்குள் நான் எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலால்.
கிலோ கட்டத்தில் இல்லை, பெயர்க் கட்டத்தில்.
ஒருத்தர் விடாமல் முழுப் பெயர் கேட்டு.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து
அற்புதக்கனி குனிந்து பார்த்தாள்.
"பென்சில்னா அழிஞ்சு போகுமே."
"பேனா முதலாளி சட்டைப் பையில இருக்கு."

அவள் அந்த அறைப் பக்கம் திரும்பினாள்,
முழுசாக,
தெரிகிற கண் வருகிறவரைக்கும்.