சந்தித்த விதம்

மாதாந்திர அறிக்கைப் படிவத்தில்
ஏழாவது கட்டம்: சந்தித்த விதம்.
அலுவலகத்தில் / நேரில் / பிற.
ஏப்ரலிலிருந்து எல்லாமே பிற.

கோத்தகிரி அலுவலகத்தைப் பூட்டி
எதிர் பேக்கரியில் சாவியைக் கொடுத்தோம்.
அன்று மாலையே பேக்கரியையும் பூட்டினார்கள்.
சாவி உள்ளே, வர்க்கி டின்களோடு.
கோப்புகளைத் தலையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது:
யாருக்கு வலிப்பு, யாருக்குக் குரல்கள் கேட்கும்,
எந்த லயத்தில் சம்பள நாளும் அடி விழும் நாளும் ஒன்று.

இ-பாஸ் கேட்டால்
மரணம், மருத்துவம், திருமணம்.
ஒருத்தியோடு உட்கார்ந்து
அரைமணி பேசிவிட்டு வருகிறேன் என்பதற்குப்
பொத்தான் வைக்கவில்லை.

கொழுந்து மட்டும் யாரையும் கேட்காமல் துளிர்த்தது.
அதனால் இலை லாரி ஓடியது.
ஓட்டுகிற ஜோகி அண்ணன்
இருக்கைக்கு அடியில் மாத்திரைப் பொட்டலங்களை வைத்துக்கொண்டார்.
பெயர் எழுதினால் மலைக்கே தெரிந்துவிடும்,
படம் போடுங்கள் என்றதும் அவர்தான்.
மெய்யநாதனுக்குக் குடை.
புஷ்பலீலாவுக்கு மீன்.
மீனைப் பார்த்தவர்கள் எல்லாரும் செருப்பு என்றார்கள்.
மூன்றாவது வாரம் அவளே சொல்லி அனுப்பினாள்:
என் செருப்பு இன்னும் வரவில்லை.

பரிபூரணம் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறித்தான் பேசுவாள்.
அங்கேதான் ஒரு கோடு சிக்னல்.
ஒருநாள் பாதிப் பேச்சில், கேரட் என்ன விலைக்கா போகுது என்றாள்.
நான் மண்டிக்குப் போன் போட்டு விசாரித்து
மூட்டைக் கணக்கில் விலை சொன்னேன்.
அவன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறான்.
மறுவாரம் அவள் சொல்லித்தான் தெரிந்தது.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

தவமணிக்குக் காது கேட்காது.
பதினோரு வருடமாக என் உதட்டைப் பார்த்தே
என்னைக் கேட்டவள்.
கவசம் வந்ததும் நான் ஊமையானேன் அவளுக்கு.
கண்ணாடித்தாள் வைத்துக் கவசம் தைத்துப் பார்த்தோம்.
ஜூலைக் குளிரில், வாயைத் திறந்ததும்
அதற்குள்ளேயே ஒரு பனிமூட்டம்.

கடைசியில் ஒருநாள் லாரியின் முன்னிருக்கையில் நானே போனேன்.
மடுவத்தில் எடை போடும் நேரம்.
வரிசையில் ஆட்கள், தராசுக்குப் பக்கத்தில் அவள் புருஷன்.
பத்தடி தள்ளி நின்று
கவசத்தை இறக்கி
ஓசையில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன்.
அவளும் இறக்கினாள்.
இத்தனை வருடத்தில் எங்களுக்கு
இப்படி ஓர் அறை அமைந்ததில்லை.
முப்பது பேர் நடுவில், ஒரு சொல் கசியாமல்.

எனக்குத்தான் உதடு படிக்கத் தெரியாது.
பணம் என்றாள்.
நிவாரணத் தொகை அடுத்த வாரம் என்றேன்.
இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி பணம்.
பனி வந்து அவளை மூடிற்று, காத்திருந்தேன்.
விலகியபோது
கூடையோடு நின்ற மகளைக் காட்டி
கழுத்தடியில் விரலால் மூன்று முடிச்சுப் போட்டாள்.
பிறகு பத்து விரல். பிறகு ஐந்து.

பவும் மவும் உதட்டில் ஒன்றுதான்.
பணம் இல்லை. மணம்.

அன்றிரவே 1098.
ஆடி கழிந்து ஆவணி என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.
நின்றதா என்று கேட்காதீர்கள்,
தள்ளிப் போயிருக்கிறது.

ஏழாவது கட்டத்தில் நேரில் என்று எழுதினேன்.
ஊரடங்கில் அது விதிமீறல் என்று
கோவையிலிருந்து திருத்தி அனுப்பினார்கள்:
பிற.

பேக்கரி இன்னும் திறக்கவில்லை.
வர்க்கி எல்லாம் நமுத்திருக்கும்.