இங்கே வந்தேன்

"இன்னாம்மா, முப்பது ராத்திரி தங்கினாங்க,
முப்பத்தொண்ணுக்கு பில் போடுது உன் புரோகிராமு?"
லாட்ஜ் கல்லாவில் தனகோட்டி.
பக்கத்தில் அசன்சோலிலிருந்து வந்திருந்த அம்மாள்
ஸ்கேன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
விரல் கணுக்களில் மறுபடி எண்ணிக் காட்டினாள்.
அவள் மொழி எனக்குத் தெரியாது.
கணக்கு சரியாக இருந்தது.

மடிக்கணினியைத் திறந்தேன்.
நானூறு வரி, என் பெயரில்.
என் வீட்டு விசேஷத்தில்
எனக்கே யாரென்று தெரியாத கூட்டம்.
வழக்கமாக இந்நேரம் கேட்டிருப்பேன்:
இது ஏன் இப்படி, சரிசெய்து கொடு.
அன்று காந்தி ரோடு முழுக்க இணையம் இல்லை,
எதற்கோ பள்ளம் தோண்டிக் கேபிளை அறுத்திருந்தார்கள்.
ஏழு வருடம் சம்பளம் வாங்கிய விரல்கள்
விசைகளின் மேல் சும்மா கிடந்தன.
தனகோட்டி என்னைப் பார்க்காமல்
31ஐ அடித்துவிட்டுப் பேனாவால் 30 என்று எழுதினார்.
நானூற்றைம்பது ரூபாய் குறைந்தது.
என்னிடம் என்ன குறைந்தது என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில், சத்துவாச்சாரி வீட்டில்,
உதவிக்கு வருவதை அணைத்தேன்.
அணைக்கும் இடத்தைத் தேடவே பத்து நிமிடம்.
அரை வரி அடிப்பேன், நிற்பேன்.
மீதி வரி சாம்பல் நிறத்தில்
முன்னால் ஓடிவந்து நிற்குமே, அதற்காக.
வராது. கர்சர் துடிக்கும்.
அடைப்புக்குறியை எங்கே மூடுவது என்று
காஸ் பில்லின் பின்பக்கம் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
ஆறரைக்கே மொட்டைமாடிச் சுவர் சுட ஆரம்பித்துவிட்டது.

நாலாம் நாள் ஏமாற்றினேன்.
கேட்டேன், மூன்று விநாடியில் வந்தது,
சரியான பதில்தான், குறை சொல்ல முடியாது.
மத்தியானம் அதையே பார்க்காமல் எழுத உட்கார்ந்தேன்.
ஒரு எழுத்து வரவில்லை.
சாப்பிட்டது நான், பசி ஆறியது வேறு யாருக்கோ.

பிறகு பழைய முட்டாள்தனமான வழி.
சந்தேகப்படும் இடமெல்லாம் ஒரு வரி நட்டு வைத்தேன்:
இங்கே வந்தேன் 1.
இங்கே வந்தேன் 2.
கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாக ஏறி வந்தன.
மூன்று வரவேயில்லை. நான்கு இரண்டு முறை வந்தது.
அந்த நான்கைப் பிடித்துக்கொண்டு
ஒன்பது நாள் உள்ளே போனேன்.

எங்கள் ஊரை இல்லாததைக் கொண்டே எண்ணுவார்கள்.
தண்ணி இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை என்று தொடங்கி.
காலேஜில் வெளியூர்ப் பையன்கள் சொன்னால் கோபம் வரும்.
இல்லாததிலிருந்து எண்ணத் தொடங்கும் ஊர்க்காரி எனக்கா
பூஜ்யம் பிடிபடாது?

பிடிபட்டது.
மாசக்கணக்கில் தங்குவோருக்கென்று ஒரு தனிக் கிளை.
அதில் மட்டும்
பூஜ்யத்தில் தொடங்கி முப்பது வரை, முப்பதையும் சேர்த்து.
ஒரு சமக்குறி அதிகம். அவ்வளவுதான்.
அழித்தேன்.
ஒரு ராத்திரி யாருக்கோ திரும்பிப் போனது.

இப்போதும் கேட்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை.
காலை முதல் ஒரு மணி நேரம் கேட்பதில்லை.
சில நாள் அந்த ஒரு மணி நேரத்தில்
ஆறு வரிதான் வருகிறது.
அதில் இரண்டு தப்பு.

போன வாரம் தனகோட்டி போன் செய்தார்.
"பில்லுக்கு அடியில
'இங்கே வந்தேன் 4'ன்னு அச்சாவுது.
வர்றவங்களுக்குத் தமிழ் தெரியாது, பரவால்ல.
நீ எங்கம்மா வந்த?"

கிரீன் சர்க்கிள் நெரிசலில் பஸ்ஸில் நின்றிருந்தேன்,
ஒரு கை கம்பியில்,
மடிக்கணினி வீட்டில்.

"இருநூற்றிப் பதினாறாவது வரி" என்றேன்.