ஒன்றரை

பகலில் சாங்கிக் கிடங்கொன்றில்
பெட்டிகள் தொலையாமல் பார்த்துக்கொள்ளும் நிரல் எழுதுகிறேன்.
பெட்டிகளுக்குச் சம்பளம் கிடையாது.
பிழை வந்தாலும் யாரும் அழுவதில்லை.

இரவில், ஈசூனில், ஒன்பதாவது மாடியில்
இஸ்திரிப் பலகைமேல் மடிக்கணினியை வைத்து
வேறொன்று எழுதினேன்.

வேலை முடிந்து லாரியில் உட்கார்ந்தபடியே
வாட்ஸ்அப்பில் ஒரு குரல் போதும்:
"காலைல எட்டு, ராத்திரி ஒம்பது, சாப்பாடு ஒரு மணி."
மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் படம்பிடித்து அனுப்பினால்
கூட்டிப் பார்த்துச் சொல்லும்,
சரி, அல்லது சரியில்லை.

குரல் பழக்க நான்கு மாதம் ஆயிற்று.
மன்னார்குடி ஒன்பதும் சிவகங்கை ஒன்பதும்
ஒரே ஒன்பது என்று கணினிக்குத் தெரியாது.
பின்னால் கலவை வண்டி உறுமும்.
யாரோ "டேய், ஏறுடா" என்பார்கள்.
அதை ஏழு என்று எழுதிக்கொள்ளும்.

நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்.
துவாஸ் விடுதியில் எனக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர்.
சிரித்துக்கொண்டேன்.
ரப்பர் தோட்டங்களில் அந்தப் பெயர்
யாரைக் குறித்தது என்று படித்திருந்தும்
சிரித்துக்கொண்டேன்.

மூன்று மாதம் எல்லோருக்கும் ஒரே பதில்: சரி.
முதலாளிகள் இவ்வளவு நல்லவர்களா என்று
எனக்குத் தோன்றவே இல்லை.
பச்சையில் அந்தச் "சரி" வந்து விழும் அழகுக்காக
ஒரு சனிக்கிழமை முழுக்க
எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

பிறகொரு ஞாயிறு, தேக்காவில்,
புளோக்கின் கீழ்த்தளத்துத் தூணோரம்
சந்தனக்குமார் ஓர் அட்டையை நீட்டினார்.
டைல்ஸ் பெட்டியின் மூடி.
பால்பாயிண்டில் நாள் நாளாய், மணி மணியாய்க் கோடுகள்.

"தங்கச்சி, எனக்கு மணிக்கு நாலு வெள்ளி இருபது காசு.
ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்குன்னு சட்டம்.
அப்ப ஆறு முப்பதுதானே?
கம்பெனி நாலு இருபதுதான் போடுது.
உங்க போனு அதையும் சரிங்குது.
நான் எட்டாவது ஃபெயிலு. அதான் கேக்குறேன்."

அவர் குரலில் குத்தல் இல்லை.
உண்மையாகவே கேட்டார்.

கோப்பியைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே திறந்தேன்.
இருநூற்றுப் பதினேழாவது வரி.
பெருக்கும் எண்ணை முழு எண் என்று அறிவித்திருக்கிறேன்.
முழு எண்ணுக்குள் ஒன்றரையைப் போட்டால்
கணினி சண்டை பிடிக்காது, எச்சரிக்காது.
புள்ளிக்குப் பின்னால் இருப்பதை
எச்சில் இலைபோல் எடுத்துப் போட்டுவிட்டு
ஒன்று என்று வைத்துக்கொள்ளும்.

அரை.
அறுபது மணி நேரத்தில் அது
நூற்று இருபத்தாறு வெள்ளி.

ஒரு சொல்லை மாற்றினேன்.
கோப்பி இன்னும் ஆறியிருக்கவில்லை.

அன்றிரவு நிரலை அனுப்பவிடவில்லை.
நாற்பத்தொரு பேருக்கும் நானே தட்டினேன்:
"சரி என்று நான் சொன்னது தவறு.
உங்களுக்கு வரவேண்டிய பாக்கி இவ்வளவு.
மனிதவள அமைச்சுக்குப் போவதென்றால்
லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறேன்."

சிலர் கும்பிடும் கை அனுப்பினார்கள்.
ஒருவர் வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்து
எதையும் அனுப்பவில்லை.
"பரவால்லக்கா, விடுங்க" என்றவர்மேல்தான்
எனக்கு அதிகம் கோபம் வந்தது.
அவருக்கு இரண்டாம் முறையும் எழுதினேன்.

ஆறு பேர் முன்பே ஊர் திரும்பியிருந்தார்கள்,
அனுமதி முடிந்து, சிங்கப்பூர் சிம்மைக் கழற்றிவிட்டு.
அவர்களுக்கு அனுப்பியதன் ஓரத்தில்
சாம்பல் நிறத்தில் ஒற்றை டிக்.

இப்போதெல்லாம் எதைத் திருத்தினாலும்
முதலில் சந்தனக்குமாருக்குப் போகிறது.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
புது அட்டையில் அவர் ஒரு மாதத்தைப் போட்டுப் பார்க்கிறார்.
"ஒத்து வருது" என்று வந்த பிறகுதான்
மற்றவர்களுக்குத் திறந்துவிடுகிறேன்.
போன வாரம் ஒத்து வரவில்லை.
பொதுவிடுமுறையை நான் மறந்திருந்தேன்.

துணி மடிக்கும்போதும்
எம்ஆர்டியில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும்
அந்த ஆறு பெயர்களைத் திறந்து பார்க்கிறேன்.

நேற்று வைரவன் என்ற பெயருக்கு நேரே
இரண்டாவது டிக் விழுந்திருந்தது.

இன்னும் நீலமாகவில்லை.