ஏழாம் எண் நாற்காலி

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு
நான்தான் கதவைத் திறக்கிறேன்.
திறப்பது என்றால்
தோளால் முட்டித் தள்ளுவது.
புவெர்த்தோ தெசேயாதோவில் காற்று
எந்தக் கதவையும் சும்மா விட்டதில்லை.

செஞ்சிலுவைச் சங்கம், கிளை அலுவலகம் என்கிறது பலகை.
மரமே காணாத ஊரில்
ஒரு கிளை.

முன்னறையில் இரத்த அழுத்தம் பார்க்கும் மேசை,
கம்பளி மூட்டைகள்,
எப்போதும் ஒரு கால் ஆடும் பெஞ்சு.
பின்னறையில் எங்கள் சொத்து:
ஊன்றுகோல் பதினான்கு சோடி,
சோடியைத் தொலைத்த ஒன்று தனியாக,
பலகை போட்டுச் சரிசெய்த கட்டில்,
சக்கர நாற்காலி ஒன்பது.
ஒன்பதும் வெளியே இருக்கின்றன இன்று.

கடன் பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
பௌதிலியோ எழுதினால் ஒற்றைச் சொல்தான்:
இடுப்பு. முழங்கால். குதிரை.
இன்னொரு வரியில் "மைத்துனன்" என்றிருக்கிறது.
அவரிடம் இதுவரை நான் விளக்கம் கேட்கவில்லை.

பொருள் திரும்பி வருவதில் இரண்டு விதம்.
குணமானவர்கள் அழுக்கோடு கொண்டுவருவார்கள்,
சக்கரத்தில் நாய்முடி, மடிப்பில் பிஸ்கட் தூள்,
வாசலிலிருந்தே கத்திக்கொண்டு.
மற்றவர்கள்
கழுவித் துடைத்துக் கொண்டுவருவார்கள்.
சோப்பு வாசனை வந்தால்
நான் ஒன்றும் கேட்காமல்
பேனாவை எடுத்துவிடுவேன்.

ஏழாம் எண் ஏப்ரலில் போனது,
எவரிஸ்தோ ஓயார்சுனுக்கு.
ஜூனில் அவர் போனார்.
நாற்பது நாள் யாரையும் கூப்பிடுவதில்லை நாங்கள்.
எங்கேயும் எழுதாத விதி அது.

ஆகஸ்டில், மீன் ஆலையின் படிக்கட்டில்
பனிக்கட்டி வழுக்கி விழுந்தாள் யமிலா.
இடுப்பெலும்பு.
அவள் தம்பி வந்து நிற்கிறான், தொப்பியைக் கசக்கியபடி.
பின்னறையைக் காட்டினேன். வெறும் தரை.
பிறகு தொலைபேசியைப் பார்த்தேன்.
இழவு வீட்டில் கடன் கேட்பது எப்படி என்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

ஒன்பதாவது மணியில் எடுத்தாள் சுலேமா.
காற்றைப் பற்றிப் பேசினேன்.
மகன் ஊரைப் பற்றிப் பேசினேன்.
மறுபடி காற்று.
"நாற்காலிதானே?" என்றாள்.
"வந்து எடுத்துக்கோ.
ஆனா இப்ப அதுல ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்."

போனோம், பௌதிலியோவின் வண்டியில்.
சுவரோரம் நின்றது ஏழு.
இருக்கையில் ஒரு கேஸ் சிலிண்டர்
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது,
எவரிஸ்தோவின் இடைவார் கட்டி.

"மேட்டுல கடை.
பத்து கிலோ.
இவர் இருந்தா தூக்குவார்" என்றாள்,
பிறகு தானே சிரித்தாள்:
"கடைசி ரெண்டு வருஷம் எங்கே தூக்கினார்,
திட்டுவார், அவ்வளவுதான்."

வாரை அவிழ்க்க நேரமெடுத்தது.
சிலிண்டரை அடுப்படியில் வைத்தோம்.
அவள் வாரைச் சுருட்டிப்
பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கழுவாமல் வந்த நாற்காலி,
ஆனால் குணமான வீட்டிலிருந்தும் அல்ல.
இருக்கையில் துருவின் வட்டம்.
எலுமிச்சை போட்டேன், உப்பு போட்டேன்,
போகவில்லை.
அந்த வட்டத்தின் மேல்தான்
யமிலா இப்போது உட்கார்ந்து
மாத்திரைக்கு மணி பார்க்கிறாள்.

அடுத்த செவ்வாய்
போர்வை மூட்டை இழுக்கும் தள்ளுவண்டியை
மேட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன்.
அது கடன் பட்டியலில் இல்லாத பொருள்.
புதுவரி போட்டேன்.
பெயர்: சுலேமா ஆரோ.
காரணம் என்ற கட்டத்தில் பௌதிலியோ
பேனாவைப் பிடுங்கி
"சிலிண்டர்" என்று எழுதினார்,
திருப்ப வேண்டிய தேதிக்கு
ஒரு கோடு.

கோடு கோணலாகிவிட்டது.
யாரோ கதவைத் திறந்தார்கள்,
காற்று பக்கத்தைப் புரட்டிவிட்டது.