மேலங்கி அறை, ஹாரிஸ்பர்க்

ஒரு தட்டு ஐயாயிரம் டாலர்.
எனக்கு மணிக்குப் பதினான்கு.
தட்டுகளை நான் பார்த்ததில்லை,
கோட்டுகளைத் தெரியும்.

ஜனவரிப் பனியை உதறி நீட்டுகிறார்கள்.
எண்பத்தாறு கோட்டு, எண்பத்தாறு வில்லை.
கதவு திறக்கும்போதெல்லாம்
சஸ்குவஹன்னா ஆற்றுக் குளிர்
என் முழங்கால்வரை ஏறிவிட்டுப் போகிறது.

நாற்பத்தொன்று எங்கள் செனட்டர்.
கம்பளி; ஒரு பொத்தான் நூலில் தொங்குகிறது.
நாற்பத்திரண்டு எரிவாயுக் கம்பெனி லிட்டில்ஃபீல்ட்.
ஒட்டக மயிர், எடையே இல்லை.
அடுத்தடுத்த கொக்கி.
ஒன்றின் கை மற்றதன் பைக்குள் விழுந்தது.
எடுத்துவிட்டேன்.
மறுபடி விழுந்தது.
சரி, கோட்டுகளின் சுபாவம்.

அக்டோபரில் நானும் அவரோடு பேசியிருக்கிறேன்,
தீயணைப்பு நிலையத்தில், பொது விசாரணையில்.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
"பெயர் டோலோரஸ் ஹுடாக்.
அண்ணன் வீட்டுக் கிணறு கரிக்கிறது."
ஒரு ஜாடியில் கொண்டுபோயிருந்தேன்.
மூடியைத் திருகுவதற்குள் சிவப்பு விளக்கு.
"நன்றி, டோரதி" என்றார்.

இன்று உள்ளே மூன்று மணி நேரம்.
விளக்கெல்லாம் மஞ்சள்தான்.
பரிமாறும் டெஷான் வெளியே வந்து சொன்னான்:
"துளைக்கும் வீட்டுக்கும் நடுவில்
எத்தனை அடி இருக்கணும்னு பேச்சு.
மீன் ஆறிப்போச்சு."

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறவர்
எங்கள் செனட்டர், குறை சொல்லக் கூடாது.
அண்ணனும் நினைக்கிறான்
ஒவ்வொரு வாய் காபிக்கும்
தனக்கு உப்பிட்டவரை.

கிளம்பும்போது இரண்டு டாலர் வைத்தார்.
"எந்த ஊர்?"
"உங்கள் தொகுதிதான்."
"அருமை, அருமை."
பொத்தானைத் தைத்துக் கொடுத்திருந்தேன்.
கவனிக்கவில்லை.

லிட்டில்ஃபீல்ட் ஒன்றும் வைக்கவில்லை.
என் சட்டைப் பெயர்ச்சீட்டை நின்று வாசித்தார்.
"ஹுடாக்...
சோல்டர் சாலையில் ஒரு ஹுடாக்
இன்னும் கையெழுத்துப் போடவில்லை, இல்லையா?"
மெதுவாகத்தான் கேட்டார்.
கோட்டை நான்தான் மாட்டிவிட்டேன்.

ஏப்ரலில் சட்டம் வந்தது.
ஐந்நூறு அடி இருநூறாயிற்று.
ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சமையலறைச் சன்னலில்
நாடாவின் ஒரு முனையைப் பிடித்தான்.
மறுமுனையோடு நான் சேற்றில் நடந்தேன்,
பக்கத்து நிலத்தில் அவர்கள் அடித்த சிவப்புக் குச்சிவரை.
இருநூற்று ஏழு.

"மனுஷனுக்கு ஆறடி போதும்பாங்க,
ஓரடி கூடவே விட்டிருக்காங்க" என்று
அங்கிருந்தே கத்தினான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நாடா பாதியில் சிக்கிக்கொண்டது,
சுருளவே இல்லை.