லாட் எண் 117

ஜெகதேவி தாண்டி இடப்பக்கம் திரும்பினால்
எங்கள் குவாரியின் எடைமேடை.
லாரி ஏறும். எண் துடிக்கும், நிற்கும்.
நான் எழுதுவேன்.

மேல்மண்ணைச் சுரண்டிய அன்று
விராலியும் ஆவாரையும் வேரோடு தொங்கின,
ஜேசிபியின் பற்களுக்கு நடுவில்.
கழிவு என்று ஒரு பத்தி உண்டு கணக்கில்.
அது கல்லுக்கு மட்டும்.

117 நல்ல நிறம்.
வாங்க வந்தவர் குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு
சிகரெட் முடியும்வரை காத்திருந்தார்.
கல் முழுதும் காய்ந்தது.
ஒரு கோடு மட்டும் காயவில்லை,
மயிரிழை, கோணலாக, ஈரமாக.
'ரிஜெக்ட்' என்று சாக்பீஸால் பெருக்கல்குறி போட்டார்.

காயாத அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்
அடுத்த லாரி ஹாரன் அடிக்கும்வரை.

கிரேன் மாதேசனிடம் சொன்னேன்:
இதை மேற்கே நிறுத்து, 98-ஐத் தெற்கே.
வாடை வரும் பக்கம் திறந்திருக்கட்டும்.
'என்னக்கா, கோயிலா?'
'வெயிலுக்கு முதுகு. அவ்வளவுதான்.'
ஐந்து நிமிட டீசல்.
அவன் எழுதவில்லை, நானும்.

உள்ளே ஜல்லி, இரண்டு சட்டி மண்,
கொழுக்கட்டைப்புல் விதை,
சங்கஞ்செடிக் குச்சி,
ஓடைக்கரை முள்ளடியில் கிள்ளிய
விரல்நீளக் கல்முளையான்.

முதல் வருடம் வெள்ளாடு.
அடுத்த வருடம் மெஷின் ஓட்டையில் வழிந்த சாம்பல் சேறு
புல்லின் மூச்சை அடைத்தது.
மழையோ ஓசூர் பக்கம் மின்னிவிட்டு
இங்கே இடியை மட்டும் அனுப்பும்.
காரைமுள்ளை வெட்டிவந்து வாசலில் போட்டேன்.
சுக்ராம், ஜார்க்கண்ட்காரன்,
சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தை
தானாகவே அங்கே மாற்றிக்கொண்டான்.
ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

நேற்று மேனேஜர் சொன்னார்:
உடைந்த கல்லுக்கும் இப்போது ஆள் வந்தாச்சு,
நடைபாதைக்கு. ரிஜெக்ட் லிஸ்ட் அனுப்பு.

அனுப்பினேன். நாற்பத்தொரு கல்.
98-க்கும் 117-க்கும் நேரே மட்டும்
உபயோகத்தில் உள்ளது என்று எழுதினேன்.

எதற்கு உபயோகம் என்று அவர் இறங்கி வரலாம்.
ஐப்பசியில் வந்தால் பூ இருக்கும்,
கல்லின் அதே ஊதா.
இது பங்குனி.
பச்சையா காய்ந்ததா என்று சொல்லமுடியாத
நாலுபட்டைத் தண்டு ஒன்றை
குனிந்து, நிழலில் தேடித்தான்
காட்ட வேண்டும்.