ஒன்பது

கோர்டெல் விட்டேக்கருக்கு
எங்கள் ஊரில் முதலில் செய்து கொடுத்தது கட்டில்.
ஆறடி பத்தங்குலம் ஆள்.
லாட்ஜில் ராத்திரி முழுக்கக் கால்கள்
காற்றில் கிடந்தனவாம்.
அணியை நடத்துவது சென்னியப்பன் பாடி பில்டர்ஸ்;
பஸ்ஸுக்கு வாங்கிய சதுரக் குழாயை அறுத்து
வெல்டர் ரங்கராசு ஏழரை அடியில் ஒன்று அடித்தார்.
"ஏனுங், இதுக்குப் படிக்கட்டு, ஜன்னலெல்லாம் வேண்டாமுங்களா?"
கரூரில் அந்த வாரம் அதுதான் சிரிப்பு.

நான் மேசையில் உட்காருபவன்.
பகலில் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன்,
பொழுதோடே கோர்ட்டோரம் ஸ்கோர் ஷீட்.
யார் போட்டார், யார் இடித்தார், எத்தனையாவது ஃபவுல்.
முதல் குவார்ட்டருக்குச் சிவப்பு, அடுத்ததற்கு நீலம்.
ரீபவுண்டுக்கு எங்கள் தாளில் கட்டமே கிடையாது.

முதல் மேட்ச் முடிந்ததும்
மேசைக்கு மேல் குனிந்தான். விளக்கு மறைந்துவிட்டது.
எத்தனை ரீபவுண்டு என்றான்.
எண்ணுவதில்லை என்றேன்.
யாருமேவா?
யாருமே.
நகை மீட்க வந்து
ரசீதைத் தொலைத்துவிட்டு நிற்பவர்களின் முகம்
எனக்குப் பழக்கம்.

ஏஜெண்ட் ஒருவன் இருக்கிறானாம், பெல்கிரேடிலோ எங்கோ.
குரல்தான், முகம் பார்த்ததில்லை.
எண் இருந்தால் அடுத்த ஊர்.
லாட்வியாவில் சம்பளம் நின்ற குளிர்காலம்,
லெபனானில் பாதி சீசனில் பூட்டிய கிளப்,
உருகுவே, மங்கோலியா,
மணிலாவில் மூன்றாவது மேட்ச் முடிந்ததும்
இம்போர்ட்டை மாற்றுகிறோம் என்று
கையில் திணித்த டிக்கெட்.
பதினோரு வருஷம், பதினான்கு ஜெர்சி.
திரைச்சீலையும் படுக்கை விரிப்பும்
எக்ஸ்போர்ட் செய்கிற ஊர் எங்களுடையது.
இம்போர்ட் என்று ஓர் ஆளைச் சொல்லி
அப்போதுதான் கேட்டேன்.

அதற்கப்புறம் தாளின் பின்பக்கம்
பென்சிலில் கோடு போட ஆரம்பித்தேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
மூட்டை எண்ணுகிற மாதிரி.

ஒருநாள் இடைவேளையில் வேகவைத்த கடலக்காய்.
உரிக்கக் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை.
தோலைக் கடித்து
உள்ளிருந்த உப்புத்தண்ணியை முதலில் உறிஞ்சினான்.
"அலபாமா" என்றான். அங்கேயும் ரோட்டோரம்,
அண்டாவில், இதே மாதிரியாம்.
இரண்டாவது பொட்டலம். மூன்றாவது.
அன்றைக்கு ஃப்ரீ த்ரோ நாலையும் விட்டான்.
கேலரியிலிருந்து ஒருத்தர்:
"கடலக்காய எச்சாத் தின்னுட்டானாட்ட இருக்குது!"

கடைசி மேட்ச்.
முன்பக்கம் இருபத்தாறு பாயிண்ட்,
பின்பக்கம் ஒன்பது கோடு.
பத்தாகிவிட்டால் விலையே வேறு.
இரண்டு நிமிஷம் பாக்கி. ரிங்கில் மோதித் திரும்பிய பந்து
அவன் விரலில் பட்டது,
அடியில் புகுந்து லோகநாதன், எங்கள் செல்லாண்டிபாளையத்துப் பையன்,
வாரிக்கொண்டு ஓடினான்.

மணி அடித்ததும் வந்து நின்றான்.
எதுவும் கேட்கவில்லை. பென்சிலைப் பார்த்தான்.
இருபத்திரண்டு வருஷத்தில்
ஒரு குந்துமணி தங்கம் கூட்டி எழுதியதில்லை நான்.
ஒன்பது என்று எழுதி,
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
மடித்து ஷூவுக்குள் வைத்தான்.
ரொம்பச் சரியான ஆள் நீங்கள் என்றான்.
மெச்சினானா, வைதானா?
என் ஆங்கிலத்துக்கு அது எட்டவில்லை.

அன்று ராத்திரி விதிப்புத்தகத்தை எடுத்தேன்.
தன் ஆளுக்குப் போகட்டுமென்று தட்டிவிட்டிருந்தால்
தட்டியவன் கணக்கு.
தற்செயலாகப் பட்டிருந்தால் எடுத்தவன் கணக்கு.
அந்த விரலைத்தான் கேட்க வேண்டும்.
அது அப்போது கோவை விமான நிலையத்தில்
பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தது.

கட்டில் பட்டறையிலேயே கிடக்கிறது.
மத்தியானத்தில் பெயிண்டர்கள் இரண்டு பேர்
தலைக்குத் தலை வைத்துப் படுக்கிறார்கள்.

கார்த்திகையில் ஒரு மெசேஜ்.
எந்த நாடென்று தேடித்தான் தெரிந்துகொண்டேன்.
அச்சடித்த தாளின் படம்: ரீபவுண்டு நான்கு.
கீழே ஒரு வரி,
இங்கே எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள்.

நகைக்கடன் வரிசையில் ஏழு பேர் நின்றார்கள்.
பத்து என்று அடித்து அனுப்பினேன்.
இரண்டு நீல டிக் விழுந்தது.
அடுத்த ஆளை வரச் சொன்னேன்.